இரும்பும் இரு வளையங்களும்: ஃபெரோசீன் படிகம் கற்பிக்கும் பாடம்

முன்னுரை

சிதைந்த ஓலைச்சுவடி ஒன்றைப் பதிப்பிக்கும் அறிஞர், செல்லரித்துப் போன சொல்லைக் கண்ணால் காண்பதில்லை. யாப்பு இடங்கொடுக்கும் அளவையும், பொருள் செல்லும் போக்கையும், பிற பிரதிகளின் சான்றையும் கொண்டு அச்சொல் இன்னதாகவே இருத்தல் வேண்டும் எனத் துணிகின்றார். படிகத்தின் உள்ளமைப்பை ஆராயும் அறிவியலாரும் இவ்வாறே செயற்படுகின்றனர். அவர்கள் அணுவைக் கண்டதில்லை. அணுக்கள் சிதறடித்த கதிர்களின் தடத்தையே கண்டனர். அத்தடத்திலிருந்து அணுக்களின் இருப்பிடத்தை மீட்டெடுத்தனர்.

இவ்வகை மீட்டெடுப்புக்குச் சிறந்த சான்றாக விளங்குவது ஃபெரோசீன் எனப்படும் கரிம இரும்புச் சேர்மம். இதன் படிக அமைப்பு 1950களில் தீர்க்கப்பட்டதாகக் கருதப்பட்டது. கால் நூற்றாண்டிற்குப் பின், அத்தீர்வை அளித்தவருள் ஒருவரே அதனைத் திருத்தினார். எனினும் பழைய விடையே இன்றும் பல பாடநூல்களில் படமாக நிற்கின்றது. முதல் விடை எங்ஙனம் பெறப்பட்டது, அது ஏன் முழு உண்மையாகவில்லை, இம்முயற்சியில் நம் நாட்டார்க்குள்ள தொடர்பு யாது என்பவற்றைத் தென்காசி, குற்றாலம் வட்டார மாணவர்க்கு விளங்கும் வகையில் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. எதிர்பாராமல் கிடைத்த சேர்மம்

அமெரிக்காவின் பிட்சுபர்க் நகரிலுள்ள டுகேன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பாசன், தாமஸ் கீலி ஆகிய இருவரும் இரண்டு ஐங்கோணக் கார்பன் வளையங்களை நேரடியாக இணைக்க முயன்றனர். இணைப்புக்குத் துணையாக இரும்புக் குளோரைடைச் சேர்த்தனர். எதிர்பார்த்த பொருள் கிடைக்கவில்லை. செம்மஞ்சள் நிறப் படிகம் ஒன்று கிடைத்தது. அதில் இரும்பு அணு ஒன்றும், கார்பன் அணுக்கள் பத்தும், ஹைட்ரஜன் அணுக்கள் பத்தும் இருந்தன. அவர்தம் குறிப்பு 1951 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் மில்லர், டெபத், டிரிமெய்ன் என்னும் மூவரும் வேறொரு வழியில் இதே பொருளைப் பெற்று, 1952இல் அறிவித்தனர்.

இப்பொருளின் இயல்பு வியப்புக்குரியதாயிருந்தது. கரிமப் பொருளோடு இரும்பு நேரடியாகப் பிணையும் சேர்மங்கள் நிலையற்றவை என்றே அதுவரை கருதினர். இதுவோ 173 பாகை செல்சியசு அளவில் உருகுவது. 100 பாகைக்கு மேல் சிதையாமல் பதங்கமாவது. கற்பூரத்தை ஒத்த மணமுடையது. காற்றும் நீரும் இதனை எளிதில் தாக்கவில்லை. இத்துணை உறுதி எங்கிருந்து வந்தது என்னும் வினாவே அமைப்பாராய்ச்சிக்கு வித்திட்டது.

பாசனும் கீலியும் ஓர் அமைப்பை முன்மொழிந்தனர். இரும்பு நடுவே நிற்க, இரு புறத்தும் உள்ள வளையங்கள் ஒவ்வொன்றும் ஒரேயொரு கார்பன் அணுவால் அதனைப் பற்றியிருக்கும் என்பது அவர்தம் கருத்து. காவடித் தண்டின் இரு முனையிலும் ஒவ்வொரு முடிச்சால் கட்டிய பாரம் போன்றது இவ்வமைப்பு எனலாம்.

2. வேதியியலார் கண்ட சான்றுகள்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி வில்கின்சன், ராபர்ட் உட்வர்டு, மைரன் ரோசன்புளும், மார்க் வைட்டிங் ஆகியோர் இவ்வமைப்பை ஏற்கவில்லை. 1952இல் அவர்கள் மூன்று சான்றுகளை முன்வைத்தனர்.

முதலாவது, அகச்சிவப்பு நிறமாலையில் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புக்குரிய கோடு ஒன்றே காணப்பட்டது. எனவே பத்து ஹைட்ரஜன் அணுக்களும் ஒத்த நிலையின. ஒரு முடிச்சில் வளையம் தொங்குமாயின், முடிச்சிட்ட கார்பனில் உள்ள ஹைட்ரஜன் ஏனையவற்றினின்றும் வேறுபட்டிருக்கும். இரண்டாவது, மூலக்கூறின் மின் இருமுனைத் திருப்புத்திறன் சுழியாக இருந்தது. அஃதாவது ஒரு பக்கம் சாய்வு இல்லை. மூன்றாவது, இப்பொருள் டயா காந்தத் தன்மை உடையது. இணையற்ற எலக்ட்ரான் எதுவும் இதில் இல்லை.

இவற்றைக் கொண்டு அவர்கள் புதியதோர் அமைப்பைத் துணிந்து கூறினர். இரண்டு தட்டையான ஐங்கோண வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இணையாக நிற்கின்றன. அவற்றின் நடுவே இரும்பு அமர்ந்திருக்கின்றது. பத்துக் கார்பன்களும் சமமாக அதனைப் பற்றுகின்றன. இரும்பு அணுவின் எட்டு வெளிக்கூட்டு எலக்ட்ரான்களும், வளையத்திற்கு ஐந்தாக வரும் பத்தும் சேர்ந்து பதினெட்டு ஆகின்றன. மந்த வாயுவின் நிறைவு இவ்வாறு கிட்டுவதே இதன் உறுதிக்குக் காரணம் எனலாம். ‘ஃபெரோசீன்’ என்னும் பெயரும் இக்குழுவினராலேயே வழங்கப்பட்டது. செருமனியின் முனிச் நகரில் எர்ன்ஸ்ட் ஓட்டோ ஃபிஷரும் இதனையொத்த முடிவை அதே ஆண்டில் அடைந்தார். ஃபிஷர், வில்கின்சன் இருவரும் 1973இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

ஆயினும் இவை யாவும் உய்த்துணர்ந்த முடிபுகளே. ஐயம் அகலப் படிகமே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

3. படிகமும் எக்ஸ் கதிரும்

படிகம் என்பது ஒரே வடிவம் மூன்று திசைகளிலும் இடையறாது திரும்பத் திரும்ப வரும் அடுக்கு ஆகும். கோலத்தில் ஒரு சுழி மீண்டும் மீண்டும் வருதல் போல, படிகத்துள் திரும்ப வரும் மிகச்சிறு பகுதியை அலகுக்கூடு என்பர். அதன் மூன்று பக்கங்களையும் மூன்று கோணங்களையும் அறிந்து, அதனுள் அணுக்கள் நிற்கும் இடங்களையும் அறிந்துவிட்டால் படிகம் முழுவதையும் அறிந்தவராவோம்.

அணுக்களுக்கிடையே உள்ள தொலைவு ஒன்று அல்லது இரண்டு ஆங்ஸ்ட்ராம் அளவினது. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகப் பகுத்ததில் ஒரு பங்கு. கட்புல ஒளியின் அலைநீளம் இதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிது. ஆதலால் நுண்ணோக்கி இங்குப் பயன்படாது. எக்ஸ் கதிரின் அலைநீளமோ அணு இடைவெளியை ஒத்தது. 1912இல் மாக்ஸ் ஃபான் லாவேயும் அவர்தம் துணைவரும் படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தி, அது புள்ளிகளாகச் சிதறுவதைக் கண்டனர். அப்புள்ளிகள் தோன்றும் கோணத்திற்கும் படிகத் தள இடைவெளிக்கும் உள்ள தொடர்பைப் பிராகு தந்தையும் மகனும் வகுத்தளித்தனர். தள இடைவெளியின் இருமடங்கைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் வருவது, அலைநீளத்தின் முழு மடங்காயிருக்கும்போது மட்டுமே கதிர் வலுப்பெற்று வெளிப்படும் என்பது அவ்விதி.

இரும்புச் சேர்மங்களை ஆராய்வோர் கருத்தில் கொள்ளத்தக்க நுட்பம் ஒன்று ஈண்டுண்டு. ஆய்வகங்களில் பெரிதும் வழங்குவது 1.54 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள செம்பின் எக்ஸ் கதிர். இரும்பு 1.74 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைந்த அலைநீளக் கதிர்களை மிகுதியாக உட்கொண்டு, தன் கதிரை எப்பக்கமும் வீசும் இயல்புடையது. ஆகவே செம்புக் கதிரைப் பயன்படுத்தினால் புள்ளிகளின் பின்புலம் மங்கலாகும். இதன் பொருட்டு 0.71 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள மாலிப்டினக் கதிரை ஆய்வாளர் விரும்புவர்.

4. ஐங்கோணமும் அடுக்கும்

தரையில் ஓடு பதிப்போர் நன்கு அறிந்த உண்மை ஒன்றுண்டு. சதுர ஓட்டால் இடைவெளியின்றித் தளம் நிரப்பலாம். முக்கோணத்தாலும் அறுகோணத்தாலும் நிரப்பலாம். ஒழுங்கான ஐங்கோணத்தால் மட்டும் இயலாது. இதனால் திரும்ப வரும் அடுக்கில் ஐந்துமுறைச் சமச்சீர் இடம்பெறாது என்பது படிகவியலின் அடிப்படை விதி.

இசுலாமியக் கட்டடக் கலைஞர்கள் இந்த எல்லையோடு பல நூற்றாண்டுகள் விளையாடினர். இசுபகான் நகரில் 1453ஆம் ஆண்டைச் சார்ந்த தர்பே இமாம் என்னும் கட்டடத்தில், ஐந்தும் பத்துமாகச் சுழலும் கோலங்கள், ஒரே வடிவம் முறையாகத் திரும்ப வராமலே தளத்தை நிரப்பும் போக்கைக் காட்டுகின்றன. பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்டு ஆகியோர் இதனை 2007இல் விளக்கி எழுதினர். இயற்கையிலும் இத்தகைய ஒழுங்கு உண்டென்பதை 1982இல் உலோகக் கலவை ஒன்றில் டான் ஷெக்ட்மன் கண்டார். 2011இல் நோபல் பரிசு பெற்றார்.

ஃபெரோசீன் அத்தகையதன்று. அதன் மூலக்கூறு ஐந்துமுறைச் சமச்சீர் கொண்டது. அதன் படிகமோ அச்சமச்சீரை ஏற்காத பொது அடுக்கு. ஐங்கோணத்தைத் தன்னுள் அடக்கிய படிகம் அதனை எவ்வாறு அடுக்கியது என்பதே புதிர்.

5. அல்பிரூனியின் நீர்க்கலம்

புதிரின் முதல் முடிச்சை அவிழ்ப்பது மிகப் பழைய அளவை ஒன்று. பத்து, பதினோராம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபூ ரைஹான் அல்பிரூனி, மணிகளையும் உலோகங்களையும் நீர் நிறைந்த கலத்தில் இட்டு, குழாய் வழியே வழிந்த நீரை நிறுத்து, அவற்றின் ஒப்படர்த்தியைத் துல்லியமாகக் கணித்தார். போலி மணியை உண்மை மணியினின்றும் பிரித்தறிய இது பயன்பட்டது. பொருளின் அடர்த்தியை அளத்தல் என்னும் இதே செயல், படிக ஆய்வில் அலகுக்கூட்டினுள் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்பதைக் காட்டுகின்றது.

ஃபெரோசீனுக்கு இக்கணக்கைச் செய்து பார்ப்போம். எக்ஸ் கதிர்ப் புள்ளிகளின் கோணங்களிலிருந்து பெற்ற அலகுக்கூட்டின் பக்கங்கள் ஏறத்தாழ 10.56, 7.60, 5.95 ஆங்ஸ்ட்ராம். இரண்டு கோணங்கள் செங்கோணம். ஒன்று மட்டும் 121 பாகை. இதனை ஒற்றைச்சரிவுத் தொகுதி என்பர். மூன்று பக்கங்களையும் பெருக்கி, 121 பாகையின் சைன் மதிப்பால் பெருக்கினால் கூட்டின் பருமன் 409 கன ஆங்ஸ்ட்ராம் என வரும். ஃபெரோசீனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.49 கிராம். எனவே ஒரு கூட்டிலுள்ள பொருளின் நிறை, ஒரு கிராமைக் கோடி கோடி கோடியாகவும் மேலும் ஆயிரமாகவும் பகுத்த பங்கில் 609 பங்கு. மூலக்கூறு நிறையாகிய 186ஐ அவகாதரோ எண்ணால் வகுத்தால், ஒரு மூலக்கூறின் நிறை அதே பங்கில் 309 ஆகும். 609ஐ 309ஆல் வகுக்க 1.97 வருகின்றது. மூலக்கூறு முழுமையாகவே இருக்க வேண்டுமாதலால் விடை இரண்டு என்க.

6. சமச்சீர் கூறிய தீர்ப்பு

எந்தெந்தப் புள்ளிகள் முறையாக மறைந்துபோகின்றன என்பதை நோக்கி, படிகத்தினுள் எவ்வகைச் சமச்சீர் நிலவுகின்றது என்பதை அறிவர். இயலக்கூடிய ஏற்பாடுகள் மொத்தம் 230. அவற்றுள் ஃபெரோசீன் மேற்கொண்ட ஏற்பாட்டில், ஓர் அணுவைப் பொதுவான இடத்தில் வைத்தால் அது நான்காகப் பெருகும். மூலக்கூறுகளோ இரண்டே உள்ளன. நான்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மட்டும் இருக்க வேண்டுமாயின், ஒவ்வொரு மூலக்கூறும் சமச்சீர் மையத்தின் மீதே அமர்தல் வேண்டும்; வேறு வழியில்லை. அஃதாவது இரும்பு அம்மையத்தில் இருக்க, அதற்கு ஒருபுறம் உள்ள ஒவ்வொரு கார்பனுக்கும் நேர் எதிர்ப்புறத்தில் சம தொலைவில் மற்றொரு கார்பன் இருக்கும்.

இதன் விளைவை எண்ணிப் பார்ப்போம். மேல்வளையத்தின் முனையிலிருந்து நடுவிலுள்ள இரும்பின் வழியாகக் கோடு வரைந்து எதிர்ப்புறம் நீட்டினால், அங்கும் ஒரு முனை இருக்க வேண்டும். ஐங்கோணத்தில் ஒரு முனைக்கு எதிரே இருப்பது முனையன்று, பக்கத்தின் நடுவிடம். ஆகவே கீழ்வளையம் மேல்வளையத்தினின்றும் 36 பாகை திரும்பியிருந்தாலன்றி இது பொருந்தாது. முனைக்கு நேர்கீழே முனை வருமாறு நிற்பதை மறைந்த அமைவு எனவும், முனைக்குக் கீழே பக்கத்தின் நடுவிடம் வருமாறு நிற்பதை விலகிய அமைவு எனவும் கொண்டால், ஃபெரோசீன் விலகிய அமைவினது என்பது தீர்ப்பாகின்றது.

அடர்த்தியும் புள்ளிகளின் மறைவும் ஆகிய இரண்டே செய்திகளிலிருந்து, ஓர் அணுவின் இடத்தையும் கணிக்குமுன்னரே இத்தீர்ப்புக் கிட்டியது. ஃபிஷரும் ஃபாபும், தனியே ஐலண்டும் பெப்பின்ஸ்கியும் 1952இல் இவ்வழியே சென்று சமச்சீர் மையத்தை எடுத்துக்காட்டினர்.

7. வரவும் பற்றும்

அணுக்களின் இடத்தை முழுமையாகக் கணிப்பதில் பெருந்தடை ஒன்று உண்டு. புள்ளியின் செறிவு, அலையின் வலிமையை மட்டும் கூறும். அலை எந்தக் கட்டத்தில் வந்தது என்பதைக் கூறாது. கடைக் கணக்கேட்டில் ஒவ்வொரு வரியிலும் தொகை மட்டும் நின்று, அது வரவா பற்றா என்னும் குறி அழிந்துபோனால் இருப்பைக் காண்பது எங்ஙனம்? சமச்சீர் மையமுள்ள படிகத்தில் இத்தடை ஓரளவு எளிது. கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பது மட்டுமே வினா.

இங்கு இரும்பு துணைநின்றது. 26 எலக்ட்ரான் கொண்ட இரும்பு, 6 எலக்ட்ரான் கொண்ட கார்பனைவிட வலிமையாகக் கதிரைச் சிதறடிக்கும். கூட்டிலுள்ள இரண்டு இரும்புகளின் இடமும் முன்னரே தெரிந்தமையால், புள்ளிகளில் ஒரு பாதிக்கு அவை இரண்டும் ஒன்றுசேர்ந்து ‘வரவு’ என்றே குறியிட்டன. மறு பாதியிலோ இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துச் சுழியாயின. அங்குக் கார்பனின் மெலிந்த குரல் மட்டுமே ஒலித்தது. முதற்பாதியைக் கொண்டு தோராயப் படம் வரைந்து, அதில் தோன்றிய கார்பன் இடங்களால் மறுபாதிக்குக் குறி கண்டு, மீண்டும் படம் வரைந்து திருத்துவதே வழியாயிற்று.

ஜாக் டனிட்சும் லெஸ்லி ஆர்கெலும் 1953இல் ‘நேச்சர்’ இதழில் தம் முடிவை வெளியிட்டனர். இரண்டு வளையங்களுக்கிடையே இரும்பு செருகிய அமைப்பு ஐயமின்றி உறுதியாயிற்று. 1956இல் அலெக்சாண்டர் ரிச்சும் சேர்ந்து மூவரும் விரிவான ஆய்வை வெளியிட்டனர். இரும்புக்கும் கார்பனுக்கும் இடையே ஏறத்தாழ 2.05 ஆங்ஸ்ட்ராம், வளையங்களுக்கிடையே ஏறத்தாழ 3.3 ஆங்ஸ்ட்ராம். விலகிய அமைவே படத்திலும் வந்தது. அன்றுமுதல் பாடநூல்களில் அப்படமே நிலைத்தது.

8. அருவியும் படிகமும்

எனினும் சில செய்திகள் இத்தீர்ப்போடு ஒத்துப்போகவில்லை. படத்தில் கார்பன் அணுக்கள் கூர்மையாக இல்லாமல் வளையத்தின் போக்கிலேயே நீண்டு பரவியிருந்தன. 164 கெல்வின் வெப்பநிலையில், அஃதாவது சுழிக்குக் கீழ் 109 பாகை செல்சியசில், இப்படிகத்தின் வெப்ப ஏற்புத்திறன் திடீரென உயர்வதை ஆய்வாளர் அளந்தனர். உள்ளே ஏதோ ஒழுங்கு மாறுகின்றது என்பதற்கு அது அறிகுறி. 1960களில் நார்வேயில் ஆர்னே ஹாலந்து குழுவினர் வளிநிலையிலுள்ள தனி மூலக்கூறுகளை எலக்ட்ரான் கதிரால் ஆராய்ந்தபோது, வளையங்கள் மறைந்த அமைவையே விரும்புகின்றன எனக் கண்டனர். ஓர் அமைவிலிருந்து மற்றதற்குச் சுழலத் தேவையான ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 4 கிலோஜூல் மட்டுமே.

படிகம் ஒன்றைச் சொல்ல, தனி மூலக்கூறு வேறொன்றைச் சொல்கின்றதே, எது மெய்?

தென்காசியிலிருந்து குற்றாலத்தை நோக்கிச் செல்வோர்க்குச் சாரல் காலத்தில் பேரருவி மலைமீது தொங்கும் வெண்ணிற ஆடைபோலத் தோன்றும். அதற்கு நிலையான வடிவமும் ஓரமும் உண்டென்றே சொல்லத் தோன்றும். அருகே சென்று நின்றால் ஆடையும் இல்லை, ஓரமும் இல்லை. ஒவ்வொரு துளியும் தன் வழியே விழுகின்றது. தொலைவிலிருந்து கண்ட வடிவம் பொய்யன்று. அது எண்ணிறந்த துளிகளின் சராசரி. ஆயினும் அச்சராசரி வடிவில் விழும் துளி ஒன்றுகூட இல்லை.

எக்ஸ் கதிர் காட்டும் படமும் இத்தகையதே. கோடிக்கணக்கான அலகுக்கூடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நோக்கிய சராசரி அது. அறை வெப்பநிலையில் ஃபெரோசீன் மூலக்கூறுகள் ஒரே முறையில் நிற்பதில்லை. சில இடங்களில் ஒரு திசையாகவும், சில இடங்களில் அதன் எதிர்நிழல் போன்ற திசையாகவும் ஒழுங்கின்றி நிற்கின்றன. தனி மூலக்கூறு எதற்கும் சமச்சீர் மையம் இல்லை. இருவகையும் கலந்த சராசரிக்கே அம்மையம் உண்டு. இரண்டு பாடபேதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதி, இரண்டுமல்லாத மூன்றாம் சொல்லாகப் படிப்பது போன்றது நிகழ்ந்த பிழை.

இதனை வெளிப்படுத்தியவர் வேறு எவருமல்லர். முதல் முடிவை அளித்த டனிட்சே ஆவார். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பால் சைலருடன் இணைந்து, 1979இல் இப்படிக அமைப்புக்கு ஒழுங்கின்மையின் அடிப்படையில் புதிய விளக்கம் தந்தார். 164 கெல்வினுக்குக் கீழே படிகம் முச்சரிவுத் தொகுதியாக மாறி மூலக்கூறுகள் ஒழுங்குபட்டபோது, வளையங்கள் மறைந்த அமைவிலிருந்து ஏறத்தாழ 9 பாகை மட்டுமே திரும்பியிருந்தன. 36 பாகை அன்று. 1982இல் தாழ்ந்த வெப்பநிலையில் பெற்ற செஞ்சாய்சதுரப் படிகத்தில் அவை முற்றிலும் மறைந்த அமைவிலேயே இருந்தன.

1953இன் தருக்கத்தில் தவறில்லை என்பதை மாணவர் கருதுதல் வேண்டும். நான்கு இடத்தில் இரண்டு மூலக்கூறு என்றால் சமச்சீர் மையம் உண்டு என்னும் முடிபு சரியே. எல்லா மூலக்கூறும் ஒன்றுபோலவே நிற்கின்றன என்னும் சொல்லப்படாத துணைக்கொள்கையே வழுக்கியது.

9. நம் நாட்டார் பங்கு

வளையங்களின் நிலையைக் காந்தத்தால் அறியும் வழியை உலகிற்குக் காட்டியவர் நம் மலையடிவாரத்தவர் என்பது பலர் அறியாத செய்தி. தென்காசியிலிருந்து மலையை ஒட்டியே வடக்கு நோக்கி, இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் கடந்து சென்றால் வத்திராயிருப்பு வரும். அங்கு 1898இல் பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். 1928இல் சர் சி.வி. இராமனுடன் ஒளிச்சிதறல் ஆய்வில் ஈடுபட்ட இவர், பின்னர் படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டுக் காந்தப் புலத்தில் அவை திரும்பும் அளவை நுட்பமாக அளந்தார். தட்டையான கார்பன் வளையம், தன் தளத்திற்குச் செங்குத்தான திசையில் மிகுந்த டயா காந்தத் தன்மை காட்டும். ஆகவே படிகத்துள் வளையங்கள் எப்பக்கம் சாய்ந்துள்ளன என்பதை எக்ஸ் கதிர் முழுமையாகத் தெரிவிக்குமுன்னரே இம்முறை தெரிவித்தது. இங்கிலாந்தின் கேத்லீன் லான்ஸ்டேலுடன் இணைந்து 1936இல் இதுபற்றி அவர் எழுதினார்.

கல்கத்தாவில் கேதாரேசுவர் பானர்ஜி, நாஃப்தலீன், ஆந்த்ரசீன் படிகங்களை 1930ஆம் ஆண்டளவில் ஆராய்ந்தார். முன்னர்க் கூறிய குறிச் சிக்கலை நேரடிக் கணக்கால் தீர்க்கும் முயற்சியை 1933இலேயே அவர் தொடங்கினார். அத்துறையில் பின்னர் முழுமை கண்ட ஹாப்ட்மனும் கார்லும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1952இல் பொறுப்பேற்ற ஜி.என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என 1954இல் அறிவித்தார். 1955இல் அதனைத் திருத்தமாக வெளியிட்டார். அதே ஆண்டில் பிரான்சிஸ் கிரிக்குடன் சேர்ந்து அவ்வமைப்பில் ஐதரசன் பிணைப்புகளின் எண்ணிக்கையை மறுத்து மாற்றமைப்பு எழுதியவர், ஃபெரோசீனை ஆராய்ந்த அதே அலெக்சாண்டர் ரிச் ஆவார். விவாதம் நெடுநாள் நீடித்தது. மூன்றிழை என்னும் அடிப்படைக் கருத்து நிலைபெற்றது, நுணுக்கங்கள் திருந்தின. உலகின் முன்னணி ஆய்வகங்களோடு சென்னையிலிருந்து சமநிலையில் நின்று வாதிட முடிந்தது என்பதே நாம் நினைவிற்கொள்ளத்தக்கது.

10. இன்றைய முறையும் பயனும்

அன்று மாதக்கணக்கில் கையால் செய்த கணக்கை இன்று கணிப்பொறி சில நிமிடங்களில் முடிக்கின்றது. கால் மில்லிமீட்டர் அளவுள்ள, விரிசலற்ற ஒற்றைப் படிகத்தைத் தெரிந்தெடுத்து, நைட்ரசன் வளியால் குளிர்வித்து, கருவியில் சுழலவிட்டுப் பல்லாயிரம் புள்ளிகளைப் பதிவுசெய்வர். ஜார்ஜ் ஷெல்ட்ரிக் ஆக்கிய ஷெல்எக்ஸ் போன்ற நிரல்கள் அமைப்பை வரைந்து தரும். கேம்பிரிட்ஜ் தரவகத்தில் சேர்ந்த கரிம, கரிம உலோகப் படிக அமைப்புகள் 2019இல் பத்து இலட்சத்தை எட்டின. ஆயினும் ‘அணுக்கள் ஏன் நீண்டு பரவியுள்ளன?’ என்று கேட்கும் கடமை இன்றும் ஆய்வாளரைச் சார்ந்ததே. நிரல் விடை தரும். விடையை ஐயுறுவது மனிதர் பணி.

ஃபெரோசீன் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. எலக்ட்ரானை எளிதில் இழந்து எளிதில் மீளப் பெறும் இதன் இயல்பைக் கொண்டு, குருதியிலுள்ள சர்க்கரையை அளக்கும் மின்வாய் ஒன்றை 1984இல் இங்கிலாந்து ஆய்வாளர் அறிவித்தனர். விரல் நுனியில் ஒரு சொட்டுக் குருதி எடுத்து வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் சிறு கருவிகளின் தொடக்க வரலாற்றில் இவ்விரும்புச் சேர்மத்திற்கு இடமுண்டு.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் புலப்படுகின்றன. ஒன்று, கண்ணுக்குத் தெரியாததையும் அடர்த்தி, சமச்சீர், செறிவு ஆகிய எளிய அளவைகளின் துணையால் உறுதியாக அறியலாம். இரண்டு, அளந்தறிந்தது பலவற்றின் சராசரியா, தனி ஒன்றின் வடிவமா என வேறுபடுத்தாவிடின் சரியான தருக்கமும் பிழையான படத்தைத் தரும். மூன்று, தாம் அளித்த விடையைத் தாமே மீண்டும் சோதிக்கும் நேர்மையே அறிவை வளர்ப்பது. 1953இல் புகழ் தந்த முடிவை 26 ஆண்டுகட்குப்பின் தாமே மாற்றிய டனிட்சு இதற்குச் சான்றாவார்.

அறிவைத் தேடுதல் கடமை எனக் கருதும் மரபில் வளரும் நம் மாணவர், பாடநூலில் விலகிய வளையங்களின் படத்தைக் காணும்போது, அது எவ்வெப்பநிலையில், எச்சான்றால் பெறப்பட்டது என வினவுவாராக. அவ்வினாவைத் தமிழிலேயே கேட்கவும் தமிழிலேயே விடை காணவும் இயலும் என்பதை இக்கட்டுரை ஒருசிறிது காட்டியிருப்பின், நம் முயற்சி பயனுடையதாகும்.